மோட்டார் வண்டிப் பாடம்: சக்கர அச்சின் ரப்பர் உறை



நம்மில் பலர் விடியுமுன் எழுந்து, சிலாயாங் பசார் போரோங்கிற்குச் சென்று, கடைக்கு வேண்டிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி வருகிறவர்கள். வேறு சிலர் துணி மூட்டைகளோடு ஊர் ஊராகப் பசார் மாலாம் சுற்றுகிறவர்கள். வண்டி ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய வரவும் சேர்ந்து படுத்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆயினும் வண்டியின் அடியில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. இதை எழுதுகிறவனும் நெடுங்காலம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், என் பழைய புரோட்டோன் சாகா கடையின் பின்சந்தில் திரும்பும்போதெல்லாம் ‘டக், டக், டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. நேராக ஓடும்போது சத்தமில்லை. ஆதலால் நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் தெரிந்த மெக்கானிக் நானா ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடித்தார், இறங்கினார்.

“சத்தம் எத்தனை நாளாக வருகிறது, தம்பி?”

“ஒரு மாதமிருக்கும், நானா.”

“அப்படியானால் பூட் கிழிந்து அதற்கும் முன்னால் பல மாதம் ஆகியிருக்கும். அன்றைக்கே வந்திருந்தால் ரப்பரோடு போயிருக்கும். இப்போது இரும்பையும் சேர்த்து மாற்ற வேண்டும்.”

பெருநாள் வியாபாரத்தின் உச்ச நாட்களில் இரவல் வண்டியில் சரக்கு ஏற்றினேன். அதன் பிறகு அந்த நானாவின் அருகில் நின்று இவ்வேலையைக் கற்றுக்கொண்டு, இரண்டு முறை என் வீட்டு வாசலிலேயே செய்தும் விட்டேன். அந்த அனுபவமே இந்தப் பாடம்.

முதலில், பூட் என்பது யாது? முன்சக்கரங்களை எஞ்சின் நேரடியாக ஓட்டும் வண்டிகளில், கியர்பெட்டியிலிருந்து ஒவ்வொரு முன்சக்கரத்திற்கும் ஓர் இரும்புத் தண்டு போகிறது. இதுவே டிரைவ் ஷாஃப்ட். 1985-இல் வந்த சாகா, 1994 முதல் 2009 வரை விற்பனையான கஞ்சில், 2005-இல் வெளிவந்த மைவி எல்லாம் இவ்வகை வண்டிகளே. ஹையேஸ், பழைய வானெட் போன்ற பின்சக்கரம் ஓடும் வேன்களை வைத்திருக்கும் நண்பர்களுக்கு முன்புறத்தில் இந்தத் தொல்லை கிடையாது.

முன்சக்கரம் உருளவும் வேண்டும், ஸ்டியரிங்கோடு திரும்பவும் வேண்டும், பள்ளம் மேட்டில் ஏறி இறங்கவும் வேண்டும். சாதாரணச் சிலுவை ஜாயிண்டை வைத்துத் தண்டை மடக்கினால், ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் இரண்டு தடவை கூடி இரண்டு தடவை குறையும். ஸ்டியரிங் கையில் உதறும். இதைத் தீர்க்க 1920-களில் ஃபோர்டு கம்பெனியின் எஞ்சினியர் ஆல்பிரட் ருசெப்பா என்பவர் ஆறு உருண்டைகளைக் கொண்ட ஒரு ஜாயிண்டை அமைத்தார். எவ்வளவு மடங்கினாலும் வேகம் மாறாமல் சுற்றுவதால் அதற்குச் சம வேக ஜாயிண்ட், அதாவது சி.வி. ஜாயிண்ட் என்று பெயர். 1959-இல் வந்த சின்னஞ்சிறு மினி கார் இவ்வகை ஜாயிண்டைத்தான் முன்சக்கரங்களில் கொண்டிருந்தது.

இந்த ஜாயிண்டின் உயிர் அதனுள் இருக்கும் கறுப்பு கிரீஸில் இருக்கிறது. அந்தக் கிரீஸை உள்ளே வைத்துக் காப்பது, துருத்திபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை. பட்டறையில் இதைத்தான் பூட் என்கிறோம். ஒவ்வொரு தண்டிலும் இரண்டு உண்டு: சக்கரத்தின் பக்கம் ஒன்று, கியர்பெட்டியின் பக்கம் ஒன்று. சக்கரத்தின் பக்கத்துப் பூட்தான் ஸ்டியரிங்கோடு அதிகமாக மடங்குவது; ஆகையால் பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுவே. வெயிலும் எஞ்சின் சூடும் வயதும் ரப்பரை வறட்டிவிடுகின்றன. நாம் வண்டியை நிறுத்தும்போது சக்கரத்தை முழுக்க ஒடித்தபடியே விட்டுப் போகிறோமே, அதுவும் ஒரு பக்கத்து மடிப்புகளை இரவெல்லாம் இழுத்து வைக்கிறது.

பூட் கிழிந்ததும் வண்டி நிற்பதில்லை. இதுதான் இதிலுள்ள வஞ்சகம். சக்கரம் சுற்றச் சுற்ற கிரீஸ் வெளியே வீசப்படுகிறது. மழைநீரும் மணலும் உள்ளே புகுகின்றன. மிச்சமிருக்கும் கிரீஸோடு மணல் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கும் பசைபோல் ஆகி, உருண்டைகளையும் அவை ஓடும் பள்ளங்களையும் அரித்துத் தின்றுவிடும். சத்தம் கேட்பது இவையெல்லாம் முடிந்த பிறகே. ஆகவே காதால் அல்ல, கண்ணால் கண்டுபிடிக்க வேண்டிய நோய் இது. மாதம் ஒரு முறை சக்கரத்தை முழுக்க ஒடித்து வைத்து, கைவிளக்கோடு குனிந்து பாருங்கள். சக்கர ரிம்மின் உட்புறத்திலும் லோயர் ஆர்ம் மீதும் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அறியலாம். மடிப்புகளின் இடுக்கில் விரலால் விரித்துப் பார்த்தால், கிழியப் போகிற வெடிப்பும் தெரியும்.

கிழிந்தது அண்மையில்தான், திரும்பும்போது சத்தமும் இல்லை என்றால், பூட் மாற்றினால் போதும். ‘டக் டக்’ ஆரம்பித்துவிட்டதென்றால் புதுப் பூட் போடுவது வீண் செலவு; ஜாயிண்டையோ தண்டையோ மாற்றியாக வேண்டும். நேராக ஓட்டி வேகமெடுக்கும்போது வண்டி குலுங்குமாயின், அது பெரும்பாலும் உட்பக்கத்து ஜாயிண்டின் தேய்மானம்.

இனி வேலைக்கு வருவோம். பூட் வாங்கும்போது வண்டியின் மாடல், ஆண்டு, எஞ்சின் அளவு மூன்றையும் சொல்லி வாங்குங்கள். பொட்டலத்தில் பூட், பெரிதும் சிறிதுமாக இரண்டு கிளிப், ஒரு கிரீஸ் பை ஆகியவை இருக்க வேண்டும். புதிய சர்க்ளிப்பையும் புதிய ஹப் நட்டையும் தனியே கேட்டு வாங்குவது நல்லது. கிரீஸ் என்றால் எந்தக் கிரீஸும் ஆகாது; மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸ்தான் வேண்டும். நெடுக வெட்டி, பசை போட்டு ஒட்டுகிற பூட்டும் கடைகளில் கிடைக்கிறது. தண்டைக் கழற்றாமலே மாட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. கிரீஸ் பட்ட ரப்பரில் பசை எவ்வளவு நாள் நிற்கும் என்பதை நண்பர்களே யோசிக்கலாம். அவசரத்திற்குப் போட்டு ஊர் வந்து சேரலாம். அதற்கு மேல் அதை நான் நம்புவதில்லை.

சாமான்களில் முக்கியமானவை: ஜாக்கி, வண்டியைத் தாங்கும் இரண்டு ஸ்டாண்டுகள், ஹப் நட்டுக்குச் சரியான சாக்கெட் (சிறு கார்களில் பெரும்பாலும் 30 அல்லது 32 மில்லிமீட்டர், அளந்து பார்த்து வாங்குக), நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச், சுத்தியல், பித்தளைத் துண்டு ஒன்று, சர்க்ளிப் பிளையர், கிளிப் இறுக்கும் குறடு, மண்ணெண்ணெய், நிறையப் பழந்துணி. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். கடை விடுமுறை நாளாகப் பார்த்துக் காலையிலேயே ஆரம்பியுங்கள். கைப்பழக்கமுள்ளவருக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை; முதன்முறை செய்கிறவருக்கு ஒரு பகல் ஆகும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

இடம் சமமான சிமெண்டுத் தரையாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கடியில் கையை நீட்டுவதும் கூடாது, தலையை நுழைப்பது ஒருபோதும் கூடாது. செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். செங்கல் எந்த அறிவிப்பும் தராமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம்.

தூக்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஹப் நட் மிகக் கடுமையாக இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு மூடியை எடுத்து, நட்டைப் பூட்டியிருக்கும் பின்னைக் கழற்றி, அல்லது உள்ளே தட்டி மடக்கப்பட்டிருக்கும் விளிம்பை உளியால் நிமிர்த்தி, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, நீண்ட கைப்பிடியால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் தளர்த்த வேண்டாம். நட் தளர்ந்த நிலையில் வண்டியை ஓரடி கூட நகர்த்தவும் வேண்டாம். பல வண்டிகளில் சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது இந்த நட்டே. பிறகு சக்கர நட்டுகளையும் சிறிது தளர்த்தி, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்து அடியில் படுக்க வைத்துவிட்டால் அது இரண்டாவது காவல்.

இப்போது தண்டை ஹப்பிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஹப் வெளிப்புறமாகச் சாய இடம் வேண்டும். லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டைக் கழற்றுவது ஒரு வழி. அப்சார்பரை ஹப்போடு இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றுவது மற்றொரு வழி. இரண்டாவது எளிது, ஆனால் சக்கரத்தின் சாய்வு அந்தப் போல்ட்டுகளில் அடங்கியிருக்கிறது. ஆகவே கழற்றுமுன் அவை இருந்த நிலையைச் சுண்ணாம்பாலோ ஆணியாலோ கீறிக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வழியானாலும் பிரேக் குழாயும், ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அதன் கம்பியும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டித் தொங்க விடுக.

தண்டின் முனை துருப்பிடித்து ஹப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கோபத்தில் சுத்தியலால் முனையில் அடித்தால் மரை நசுங்கி, புதுத் தண்டு வாங்கும் நிலை வரும். நட்டை முனையோடு சமமாக வரும்வரை திரும்ப முடுக்கி, மேலே மரக்கட்டை வைத்து, கட்டையில் தட்டுங்கள். ஹப் வெளியே வரும்போது தண்டை இழுக்கக் கூடாது. ஹப்பைத்தான் சாய்க்க வேண்டும். தண்டை இழுத்தால் உட்பக்கத்து ஜாயிண்ட் உள்ளேயே கழன்றுகொள்ளும். அல்லது அது கியர்பெட்டியை விட்டு வெளியே வந்து எண்ணெய் கொட்டும்.

அடுத்தது ஜாயிண்டைத் தண்டிலிருந்து கழற்றுவது. முதன்முறை செய்கிறவர்கள் திணறுவது இங்கேதான். பழைய கிளிப்புகளை வெட்டி, பூட்டைக் கத்தியால் கிழித்து எறியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு கிரீஸை வழித்துத் துடைத்தால், ஜாயிண்டின் நடுவில் தண்டைப் பிடித்திருக்கும் நட்சத்திரம் போன்ற பாகம் தெரியும். அங்கே சர்க்ளிப்பின் இரண்டு காதுகள் தெரிந்தால், பிளையரால் அவற்றை விரித்துக்கொண்டு ஜாயிண்டை இழுத்தால் வந்துவிடும். காது தெரியாவிட்டால், சர்க்ளிப் உள்ளே மறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது பித்தளைத் துண்டை அந்த நட்சத்திரத்தின் மீது மட்டும் வைத்து, ஒரே ஓர் அடி, தயங்காமல், நேராக வெளிப்புறம் நோக்கி அடிக்க வேண்டும். மெல்ல மெல்லத் தட்டினால் சர்க்ளிப் இன்னும் இறுகிக்கொள்ளும். நானும் முதன்முறை அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருந்தேன். நானா ஒரே அடியில் கழற்றினார். உருண்டைகளைத் தாங்கும் கூண்டின் மீது அடி விழக் கூடாது, அது உடையும்.

சில வண்டிகளில், குறிப்பாக ஜப்பானிய அமைப்பைப் பின்பற்றியவற்றில், வெளிப்பக்கத்து ஜாயிண்ட் தண்டிலிருந்து கழலவே கழலாது. அவற்றில் தண்டை முழுதும் வெளியே எடுத்து, உட்பக்கத்து ஜாயிண்டைப் பிரித்து, அந்த வழியாகப் பூட்டை நுழைக்க வேண்டும். மூன்று உருளைகள் கொண்ட அந்த உள்ஜாயிண்டைப் பிரிக்குமுன் எது எதற்கு நேராக இருந்தது என்று புள்ளி வைத்துக்கொள்வது அவசியம். அப்படியானால் இரண்டு பூட்டையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். தண்டு வெளியே வந்தால் கியர்பெட்டி எண்ணெயையும் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். உங்கள் வண்டி இவ்வகையா என்று பூட் விற்கும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். இவ்வகையாக இருந்து, இதற்குமுன் பெரிய வேலை செய்து பழக்கமில்லையென்றால், பட்டறையில் கொடுப்பதில் வெட்கமில்லை.

கழற்றிய ஜாயிண்டை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். சாய்த்துச் சாய்த்து ஆறு உருண்டைகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கினால் நல்லது. அம்மை விழுந்ததுபோல் குழிகள் இருந்தாலும், பள்ளத்தில் விரல் நகம் தடுக்கினாலும், கூண்டில் வெடிப்பு இருந்தாலும் அந்த ஜாயிண்டைத் திரும்பப் போடாதீர்கள். கழுவிய பின் முழுக்க உலர விட வேண்டும். உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புதுக் கிரீஸை நீராக்கிவிடும்.

மாட்டும்போது வரிசை முக்கியம்: முதலில் சிறிய கிளிப், பிறகு பூட், பிறகு பெரிய கிளிப், கடைசியில்தான் ஜாயிண்ட். தண்டு நுனியின் கூரான பற்கள் புதுப் பூட்டைக் கீறாமலிருக்க, அவற்றின்மேல் ஒட்டுநாடா சுற்றிப் பூட்டை நுழைத்து, பிறகு நாடாவை நீக்கிவிடுங்கள். வேலை முடிந்ததென்று மகிழ்ச்சியோடு நிமிர்ந்தபோது, சிறிய கிளிப் மேஜை மேல் கிடப்பதைக் கண்டவன் நான். நல்ல வேளையாக அது திறந்து மாட்டும் வகையைச் சேர்ந்தது; இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி கழற்றியிருக்க வேண்டும்.

புதிய சர்க்ளிப்பைப் போட்டு, ஜாயிண்டை நேராக வைத்து, முனையில் நட்டை முடுக்கி, கட்டை வைத்துத் தட்டினால் சர்க்ளிப் தன் பள்ளத்தில் விழும் சத்தம் கேட்கும். உடனே ஜாயிண்டைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. வந்தால் சர்க்ளிப் உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் நடுச்சாலையில் தண்டு கழன்றுவிடும்.

பையிலுள்ள கிரீஸ் அந்த ஜாயிண்டுக்கென்றே அளந்து கொடுக்கப்பட்டது. ஏறத்தாழப் பாதியை உருண்டைகளின் இடுக்குகளில் விரலால் அழுத்தித் திணித்து, மீதியைப் பூட்டுக்குள் விடுக. பூட்டின் இரு விளிம்புகளையும் அவற்றின் பள்ளங்களில் கிரீஸ் இல்லாமல் துடைத்து உட்கார வைத்து, பெரிய கிளிப்பை முதலில் இறுக்குங்கள். பிறகு முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரைச் சிறிய விளிம்பில் நுழைத்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் பூட் உப்பியோ உள்ளே ஒட்டியோ நிற்கும். மடிப்பு மடிப்போடு உரசி மறுபடியும் கிழியும். அதன் பிறகே சிறிய கிளிப்பை இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் கயிற்றுக் கிளிப்பால் கட்டுகிறவர்களும் உண்டு; சூட்டில் அது தளர்வதை நான் கண்டிருக்கிறேன்.

மற்றவை கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் போகும். அப்சார்பர் போல்ட்டுகளை நாம் வைத்த குறிக்கு நேராக இறுக்குங்கள். பிரேக் தட்டில் கிரீஸ் பட்டிருந்தால் துடைத்துச் சுத்தமாக்குங்கள். சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கிய பிறகு, ஹப் நட்டை வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வண்டிக்கு வண்டி இது ஏறத்தாழ 150 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை வேறுபடும்; ஆகவே கைக்கணக்குச் செல்லாது. இறுக்கியதும் பின்னைப் போட்டோ விளிம்பை மடக்கியோ நட்டைப் பூட்ட மறக்காதீர்கள். சக்கர நட்டுகளுக்கும் அவ்வாறே கையேட்டு அளவு.

வெளியே கிளம்புமுன் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பூட் எதிலும் உரசவில்லை என்று கண்டு, காலியான இடத்தில் மெதுவாக இரண்டு பக்கமும் வட்டமடியுங்கள். சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் சக்கர நட்டுகளைத் திரும்பவும் சோதித்து, பூட்டின் விளிம்புகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. மறுபக்கத்துப் பூட்டுக்கும் இதே வயதுதான். கைவிளக்கு கையில் இருக்கும்போதே அதையும் ஒரு முறை விரித்துப் பார்த்துவிடுங்கள்.